டீசலுக்குள் இருக்கும் மசகு: ஓர் எளிய விளக்கம்

எஞ்சினுக்கு ஆயில் மாற்றுகிறோம்; கியர் பெட்டிக்கும் டிஃபரன்ஷியலுக்கும் தனித்தனியாக ஆயில் ஊற்றுகிறோம்; சக்கர பேரிங்குகளுக்குக் கிரீஸ் அடைக்கிறோம். ஆனால் டீசல் வண்டியிலேயே மிக நுணுக்கமாகக் கடைந்தெடுக்கப்பட்ட உறுப்பான டீசல் பம்புக்கு ஆயில் ஊற்றுவதற்கென்று ஒரு துளைகூடப் பெரும்பாலான கார்களில் கிடையாது. அதன் வழியாகப் பாயும் டீசல்தான் அதற்கு ஆயில். எஞ்சினுக்குள் போய் எரிவதற்கு முன்பு, பம்பின் உலக்கையையும் உருளையையும் ஒன்றோடொன்று உராய்ந்து தேயாமல் காக்கும் வேலையையும் அதே டீசல் செய்து முடித்தாக வேண்டும். அந்தக் காக்கும் திறனைத்தான் டீசலின் மசகுத்தன்மை என்கிறோம். பம்பு பட்டறைகளிலும் டீசலில் கலப்பதற்காக விற்கும் சேர்மானப் புட்டிகளின் மேலும் இதுவே ‘லூப்ரிசிட்டி’ என்ற பெயரில் காணப்படும்.

எல்லாப் பம்புகளும் டீசலை ஒரே அளவுக்கு நம்பி இருப்பதில்லை. பழைய லாரிகளின் இன்லைன் பம்பில் உலக்கையைத் தள்ளும் கேம் தண்டு எஞ்சின் ஆயிலில் நனைந்தே சுழலும். மெக்கானிக்குகள் ‘எலிமென்ட்’ என்று சொல்லும் உலக்கையும் உருளையும் சேர்ந்த சோடி மட்டும் டீசலில் ஓடும். தோட்டத்து ஆயில் எஞ்சினின் சிறிய பம்பும் ஏறக்குறைய இதே வகைதான். எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் அதன் நாசில் திறக்கும் அழுத்தம் சுமார் 200 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) என்பதால் அது ஓரளவு தாக்குப்பிடிக்கும். சுழன்றபடியே எல்லா நாசில்களுக்கும் டீசலைப் பங்கிடும் ரோட்டரி பம்பின் நிலை வேறு. அதன் ரோலர், கேம் தட்டு, உலக்கை என எல்லாமே டீசலில் மூழ்கித்தான் இயங்குகின்றன. எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான ‘ரயில்’ என்ற ஒரே குழாயில் டீசலை அழுத்தத்தோடு தேக்கிவைக்கும் இன்றைய காமன் ரயில் வண்டிகளின் உயர் அழுத்தப் பம்புகளில் பெரும்பாலானவையும் முழுக்க டீசலையே நம்புகின்றன. போதாக்குறைக்கு அவை 1,600 பார், 2,000 பார், சில வண்டிகளில் அதற்கும் மேலே அழுத்தத்தை உண்டாக்க வேண்டியிருக்கிறது. உலக்கைக்கும் உருளைக்கும் இடையிலுள்ள இடைவெளியோ இரண்டு, மூன்று மைக்ரான்தான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த இடைவெளியில் நுழைந்து வேலை செய்யும் டீசலுக்கு எவ்வளவு பெரிய பொறுப்பு என்பது விளங்கும்.

இங்கே தொடக்கநிலை வாசகர் பலருக்கும் ஒரு குழப்பம் வருவதைக் கண்டிருக்கிறேன். மசகுத்தன்மை என்றால் எண்ணெயின் கெட்டித்தன்மை என்று அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. பாகங்கள் வேகமாக நகரும்போது அவற்றுக்கு இடையே ஒரு திரவப் படலம் உருவாகி இரண்டு உலோகங்களையும் பிரித்து நிறுத்துகிறது. அந்தப் படலம் தாக்குப்பிடிப்பதற்குத்தான் கெட்டித்தன்மை, அதாவது பாகுநிலை, தேவைப்படுகிறது. எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் நொடியிலும், உலக்கை ஒரு திசையில் போய் நின்று திரும்பும் முனையிலும், ரோலர் கேமின் மேல் பெருஞ்சுமையோடு அழுந்தும் இடத்திலும் அந்தத் திரவப் படலம் பிதுங்கி விலகிவிடுகிறது. அப்போது இரண்டு உலோகப் பரப்புகளையும் பிரித்து நிற்பது, உலோகத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும், ஒரு மூலக்கூறின் உயரமே உள்ள மிக மெல்லிய பூச்சுதான். வில்லியம் ஹார்டி என்ற ஆங்கிலேய அறிவியலாளர் 1922-ஆம் ஆண்டு வாக்கில் இந்த நிலையைத் தனியாகப் பிரித்து ஆராய்ந்து, அதை எல்லை மசகு என்ற பொருள்படும் பெயரால் அழைத்தார். டீசலின் மசகுத்தன்மை என்று நாம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் இந்த எல்லையில் நடப்பதைப் பற்றித்தான்.

அந்தப் பூச்சு எப்படி உண்டாகிறது என்பதை நாற்றங்காலைக் கொண்டு விளக்கலாம். மசகு தரும் மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் ஒரு முனையில் ஆக்சிஜனோ நைட்ரஜனோ சேர்ந்த ‘தலை’ இருக்கிறது. அதற்கு உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் இயல்பு உண்டு. மறு முனை, பதினாறு பதினெட்டு கார்பன் அணுக்கள் சங்கிலியாகக் கோத்த நீண்ட வால். அது டீசலோடு இயல்பாகக் கலந்து நிற்கும். நாற்றின் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ள, தாள்கள் நெருங்கி மேலே நிற்பதைப் போல, இந்தத் தலைகள் எஃகைப் பிடித்துக்கொள்ள வால்கள் நெருக்கமாக நிமிர்ந்து நிற்கின்றன. எதிரே வரும் எஃகுப் பரப்பிலும் அதே போன்ற நாற்றங்கால் இருக்கிறது. இரண்டு பரப்புகளும் அழுந்தும்போது உரசிக்கொள்வது தாள் நுனிகளே. மண்ணும் மண்ணும் உரசுவதில்லை. இந்த உவமையை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் ஒரு முக்கியமான செய்தியும் எளிதில் புரியும்: வயல் நிறைந்த பிறகு இன்னொரு கட்டு நாற்று கொண்டுவந்தால் அதை நட இடம் இருக்காது.

கச்சா எண்ணெயிலிருந்து வடித்த டீசலில் இத்தகைய மூலக்கூறுகள் இயற்கையாகவே சிறிதளவு இருந்தன. அதனால் பல பத்தாண்டுகள் வரை யாரும் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. டீசலில் உள்ள கந்தகத்தை நீக்கத் தொடங்கியபோதுதான் சிக்கல் வந்தது. கந்தகம் எரிந்தால் உருவாகும் வாயுக்கள் மூச்சுக்குழாய்க்கும் மண்ணுக்கும் தீங்கானவை. புகையை வடிகட்டும் கருவிகளையும் வினையூக்கிகளையும் கந்தகம் கெடுத்துவிடும். ஆகவே அதை நீக்கியே ஆக வேண்டும் என்பதில் எனக்கு எந்த மாற்றுக் கருத்தும் இல்லை. சுத்திகரிப்பு ஆலையில் டீசலை ஹைட்ரஜனோடு சேர்த்து, உயர்ந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும், வினையூக்கியின் மேல் செலுத்திக் கந்தகத்தைப் பிரித்தெடுக்கிறார்கள். ஆனால் அந்த ஹைட்ரஜன் கந்தகத்தை மட்டும் தேடிப் பிடிப்பதில்லை. உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் ஆக்சிஜன், நைட்ரஜன் சேர்மங்களையும் சேர்த்தே துடைத்துவிடுகிறது. ‘கந்தகம்தான் பம்புக்கு மசகு தந்தது, அதை எடுத்ததால் பம்பு போகிறது’ என்று பட்டறைகளில் சொல்லப்படுவது இந்த இடத்தில்தான் வழிதவறுகிறது. மசகு தந்தவை முதன்மையாக அந்த மற்றச் சேர்மங்களே. கந்தகத்தோடு சேர்ந்து அவையும் வெளியேறிவிட்டன.

இந்தியாவில் இந்த மாற்றம் எவ்வளவு வேகமாக நடந்தது என்பதை எண்களே சொல்லும். 1990-களின் தொடக்கத்தில் டீசலில் 10,000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற கணக்கு), அதாவது நூற்றுக்கு ஒரு பங்கு, கந்தகம் வரை அனுமதி இருந்தது. பி.எஸ்., அதாவது பாரத் ஸ்டேஜ், என்ற புகைக் கட்டுப்பாட்டு வரிசையில் பி.எஸ். 3 டீசலில் அது 350 ஆனது. 2010-இல் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களிலும் 2017 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் வந்த பி.எஸ். 4 டீசலில் 50 ஆனது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் விற்கப்படும் பி.எஸ். 6 டீசலில் 10 பி.பி.எம்.-க்கு மேல் கந்தகம் இருக்கக் கூடாது.

இதன் விளைவை முதலில் பட்டுத் தெரிந்துகொண்ட நாடு சுவீடன். அங்கே 1991-இல் வரிச்சலுகை கொடுத்து, 10 பி.பி.எம். அளவே கந்தகம் கொண்ட ‘முதல் வகுப்பு’ டீசலைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். புகை குறைந்தது; ஆனால் அந்த டீசலை நிரப்பிய கார்களின் ரோட்டரி பம்புகள் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடுவதற்குள்ளேயே தேய்ந்து பழுதாகத் தொடங்கின. விமான எரிபொருளில் 1960-களிலேயே இதே போன்ற பம்புத் தேய்மானம் காணப்பட்டிருந்ததால் காரணத்தைக் கண்டுபிடிக்க நெடுநாள் ஆகவில்லை. மருந்தும் வந்தது: உலோகத்தைப் பற்றும் தலையும் நீண்ட வாலும் கொண்ட பொருளை மிகச் சிறிய அளவில் டீசலில் கலந்துவிட வேண்டும். அத்தகைய பொருள்களில் இன்றும் அதிகம் பயன்படுவது, பைன் மரக்கூழிலிருந்து காகிதம் செய்யும்போது துணைப்பொருளாகக் கிடைக்கும் ‘டால் ஆயில்’ என்ற எண்ணெயிலிருந்து பிரித்த கொழுப்பு அமிலம். சுவீடன் மொழியில் ‘டால்’ என்றால் பைன் மரம் என்று பொருள். இதைத் தவிர, கொழுப்பு அமிலத்தையும் கிளிசரினையும் சேர்த்துச் செய்த எஸ்டர்களும், அமைடுகளும் மசகுச் சேர்மானங்களாகப் பயன்படுகின்றன.

ஒரு டீசலில் மசகு போதுமா என்பதை எப்படி அளப்பது? உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட எச்.எஃப்.ஆர்.ஆர். என்ற சோதனை இருக்கிறது, அதன் எளிமை எனக்கு மிகவும் பிடித்தமானது. சிறிய கிண்ணம் ஒன்றில் வெறும் 2 மில்லி டீசலை ஊற்றி, அதன் அடியில் ஓர் எஃகு வில்லையை வைக்கிறார்கள். 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டு ஒன்றை 200 கிராம் சுமையோடு அந்த வில்லையின் மேல் அழுத்தி, 60 பாகை செல்சியசில், ஒரு மில்லிமீட்டர் தூரத்துக்கு நொடிக்கு 50 முறை என்று 75 நிமிடம் இப்படியும் அப்படியுமாகத் தேய்க்கிறார்கள். கணக்குப் போட்டால் இரண்டேகால் லட்சம் தேய்ப்பு. பிறகு குண்டை எடுத்துக் கழுவி நுண்ணோக்கியின் அடியில் வைத்தால், அதன் பளபளப்பான வளைவில் ஓரிடம் மட்டும் தட்டையாகி, தேய்த்த திசையில் மெல்லிய கோடுகள் ஓடும் ஒரு வட்டத் தழும்பு தெரியும். அந்தத் தழும்பின் அகலம்தான் விடை. நல்ல மசகு இருந்தால் தழும்பு சிறியது, இல்லாவிட்டால் பெரியது. ஐரோப்பாவின் ஈ.என். 590 தரமும் இந்தியாவின் ஐ.எஸ். 1460 தரமும் 460 மைக்ரானுக்கு மேல் தழும்பு இருக்கக் கூடாது என்கின்றன. அமெரிக்காவில் 2005 முதல் 520 மைக்ரான் வரை அனுமதி. கந்தகம் நீக்கி, சேர்மானம் எதுவும் கலக்காத டீசலில் இந்தத் தழும்பு 600 மைக்ரானைத் தாண்டுவதும் உண்டு.

வேண்டிய சேர்மானத்தின் அளவு ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு. வழக்கமாக 100 முதல் 250 பி.பி.எம். வரை கலக்கிறார்கள். 200 என்று வைத்துக்கொண்டால், 50 லிட்டர் டேங்கில் உள்ள சுமார் 42 கிலோ டீசலுக்கு எட்டரை கிராம் கூட வேண்டாம். இரண்டு தேக்கரண்டியில் அடங்கிவிடும். 12,000 லிட்டர் கொள்ளளவுள்ள டேங்கர் லாரிக்கு இரண்டு கிலோ போதும். இந்த அளவில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. தொடக்கத்தில் சிறிது சிறிதாகச் சேர்க்கும்போது தழும்பில் பெரிய மாற்றம் தெரியாது. குறிப்பிட்ட அளவை எட்டியதும் தழும்பு சட்டென்று சுருங்கும். அதற்குப் பிறகு எவ்வளவு சேர்த்தாலும் மேலும் சுருங்காது. நாற்றங்கால் நிறைந்துவிட்டது என்பதுதான் காரணம். மிகுதியாகச் சேர்த்தால் பயன் இல்லை என்பதோடு நின்றுவிடாமல், தீங்கும் வரலாம். அமில வகைச் சேர்மானம் அளவை மீறிப் போனால், எஞ்சின் ஆயிலில் உள்ள கால்சியத்தோடோ, தண்ணீரோடு வந்து சேர்ந்த சோடியத்தோடோ வினைபுரிந்து சோப்பு போன்ற பொருளாகி ஃபில்டரை அடைத்துவிடும்.

மசகு தரும் இன்னொரு வழி பயோடீசல். தாவர எண்ணெயிலிருந்து செய்யும் பயோடீசலை நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு கலந்தாலே பெரும்பாலான டீசல்களின் மசகுத்தன்மை தரத்துக்குள் வந்துவிடுகிறது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் 2005-இல் இரண்டு சதவீதக் கலப்பைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 2018-ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை 2030-க்குள் ஐந்து சதவீதக் கலப்பை இலக்காக வைத்திருக்கிறது. பயோடீசல் ஈரத்தை ஈர்க்கும், நாள்பட்டால் கெட்டுப்போகும் என்பதால் அதை நெடுநாள் தேக்கி வைக்கக் கூடாது.

இவ்வளவும் அறிந்த பிறகு வாசகர் கேட்கப்போகும் கேள்வி, கடையில் விற்கும் சேர்மானப் புட்டியை நானும் வாங்கி ஊற்ற வேண்டுமா என்பதுதான். என் கருத்து இது: நம்பகமான பெட்ரோல் பங்கில் பி.எஸ். 6 டீசல் நிரப்பும் வண்டிக்கு அது பொதுவாகத் தேவையில்லை. 460 மைக்ரான் என்ற வரம்புக்குள் இருந்தாக வேண்டிய அந்த டீசலில், தேவையான சேர்மானம் பங்குக்கு வருவதற்கு முன்பே கலந்திருக்கும்; நிறைந்த வயலில் மறுபடியும் நடுவதற்குத்தான் நாம் காசு கொடுப்போம். பழைய ரோட்டரி பம்பு உள்ள வண்டி, எங்கே வாங்கியது என்று தெரியாத டீசலில் ஓட வேண்டிய எந்திரம், மாதக்கணக்கில் நின்று எப்போதாவது ஓடும் ஜெனரேட்டர் ஆகியவற்றுக்கு வேண்டுமானால் அது ஒரு காப்பு. அப்படி வாங்கும்போது, புட்டியில் எச்.எஃப்.ஆர்.ஆர். தழும்பு அளவைக் குறித்திருக்கிறார்களா, எத்தனை லிட்டருக்கு எத்தனை மில்லி என்று தெளிவாக எழுதியிருக்கிறார்களா, சாம்பல் தராதது என்று சொல்லியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். மைலேஜ் கூடும், பிக்கப் கூடும் என்று மட்டும் எழுதியிருந்தால் அது வேறு வேலைக்கான மருந்தாக இருக்கலாம். டீசல் எவ்வளவு எளிதில் தீப்பிடிக்கும் என்பதைக் காட்டும் சீட்டேன் எண்ணை உயர்த்தும் சேர்மானமும் நாசிலைச் சுத்தம் செய்யும் சேர்மானமும் மசகு தருவன அல்ல.

புட்டிக்குப் பதிலாக டூ ஸ்ட்ரோக் ஆயிலையும் பழைய எஞ்சின் ஆயிலையும் டேங்கில் ஊற்றும் பழக்கம் லாரி ஓட்டுநர்கள் சிலரிடம் இருக்கிறது. பம்பின் மேல் உள்ள அக்கறையில்தான் அதைச் செய்கிறார்கள் என்றாலும், இன்றைய வண்டிகளுக்கு அது கேடு. எஞ்சின் ஆயிலில் உள்ள கால்சியமும் துத்தநாகமும் எரிந்து சாம்பலாகிப் புகைவடிகட்டியில் படியும். அந்தச் சாம்பலை எரித்துப் போக்க முடியாது. பழைய ஆயிலில் இருக்கும் கரியும் உலோகத் துகளும் இரண்டு மைக்ரான் இடைவெளிக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. விளக்கெண்ணெயையும் சிலர் சொல்வதுண்டு. மசகு என்ற சொல்லே மாட்டு வண்டியின் அச்சுக்கு வைக்கோல் கரியையும் எண்ணெயையும் குழைத்துப் பூசிய கறுப்பு மையிலிருந்து நமக்கு வந்தது. விளக்கெண்ணெய்க்கு அந்த வேலையில் நல்ல பெயர் உண்டு. ஆனால் அது டீசலில் சரியாகக் கரையாது. எரிந்தாலும் நாசில் முனையில் கரியாகப் படியும்.

சேர்மானத்தால் தீர்க்க முடியாத குறைகளையும் சொல்லியாக வேண்டும். டீசலில் மண்ணெண்ணெய் கலந்திருந்தால் மசகுத்தன்மையோடு பாகுநிலையும் குறைந்துவிடும். 40 பாகையில் டீசலின் பாகுநிலை 2 முதல் 4.5 சென்டிஸ்டோக்ஸ் (பாகுநிலையை அளக்கும் அலகு) இருக்க வேண்டும் என்பது விதி; மண்ணெண்ணெய் அந்தக் கீழ் வரம்பையே எட்டாது. சேர்மானம் நாற்றை நடுமே தவிர, மெலிந்துபோன திரவப் படலத்தைக் கெட்டியாக்காது. டீசல் டேங்கில் தவறிப் பெட்ரோல் நிரப்பிவிட்டால் இன்னும் மோசம். அப்போது சாவியைக் கூடத் திருப்பக் கூடாது, ஏனென்றால் பல வண்டிகளில் சாவியைத் திருப்பியதுமே டேங்கில் உள்ள மின்பம்பு ஓடி அந்தக் கலவையை முன்னே தள்ளிவிடும். வண்டியைத் தள்ளி ஓரம் கட்டி, டேங்கை வடித்துவிடுவதே வழி.

தண்ணீர்தான் நம் ஊர் மழைக்காலத்தில் பம்புக்கு முதல் எதிரி. பாதி காலியான டேங்கில் இரவுக் குளிரில் ஈரம் படிந்து சொட்டுச் சொட்டாக அடியில் சேரும். அது பம்புக்குள் போனால் மசகுப் பூச்சு நிற்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்வதோடு துருவையும் உண்டாக்கும். ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடித்துவிடுவதற்கு ஐந்து நிமிடம் ஆகாது, செலவும் இல்லை. டேங்கை அடி மட்டம் வரை காலியாக்கி ஓட்டுவதையும் தவிர்க்க வேண்டும். காமன் ரயிலிலிருந்து சூடாகித் திரும்பி வரும் டீசல் ஆறுவதற்கு டேங்கில் போதிய டீசல் இருக்க வேண்டும். சூடான டீசல் மெலியும்.

பம்பு தேயத் தொடங்கியதைக் காட்டும் அறிகுறி ஒன்றைப் பழைய ரோட்டரி பம்பு வண்டிகளில் தெளிவாகக் காணலாம். காலையில் குளிர்ந்த எஞ்சின் உடனே ஸ்டார்ட் ஆகும்; ஓடிச் சூடாகி நிறுத்திய பிறகு எவ்வளவு சுற்றினாலும் பிடிக்காது. தேய்ந்து அகன்ற இடைவெளியில் சூடாகி மெலிந்த டீசல் கசிந்துவிடுவதால் நாசிலைத் திறக்கும் அளவுக்கு அழுத்தம் ஏறுவதில்லை என்பதே காரணம். பம்பின் மேல் ஈரத்துணியைப் போட்டுக் குளிரவைத்தால் வண்டி மீண்டும் பிடிப்பதைச் சங்ககிரியில் ஒரு பம்பு பட்டறையில் பார்த்திருக்கிறேன். அதைப் பழுதைக் கண்டறியும் வழியாகக் கொள்ளலாமே தவிர, சரிசெய்துவிட்டதாகக் கொள்ளக் கூடாது.

காமன் ரயில் வண்டிகளில் அறிகுறி வேறு விதமாக வரும். அதே பட்டறையில் கழற்றிய ஒரு டீசல் ஃபில்டரை வெள்ளைத் தட்டில் கவிழ்த்துக் காட்டினார்கள். பழுப்பான டீசல் வடிந்து போனதும் தட்டின் அடியில் கோலமாவைத் தூவியது போல ஒரு மெல்லிய படிவு நின்றது. வெயில் பட்டதும் அது வெள்ளியாக மின்னியது. காந்தத்தைக் கொண்டுபோனபோது அந்தப் பொடி நகர்ந்து ஒட்டிக்கொண்டது. பம்பின் உள்ளிருந்து பெயர்ந்த எஃகு அது. டேங்குக்குத் திரும்பும் டீசலோடு சென்று மீண்டும் ஃபில்டருக்கு வந்திருந்தது என்றால், ரயிலுக்குள்ளும் இன்ஜெக்டர்களுக்குள்ளும் அது முன்பே போய்விட்டது என்று பொருள். அத்தகைய பொடியைப் பார்த்தால் எஞ்சினை மறுபடியும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. பம்பை மட்டும் மாற்றி ஓட்டினால் ரயிலிலும் குழாயிலும் தங்கிய துகள் புதிய பம்பையும் சேர்த்துத் தேய்த்துவிடும் என்பதால், டேங்க், குழாய்கள், ரயில், இன்ஜெக்டர்கள் அனைத்தையும் கழற்றிச் சுத்தம் செய்யவோ மாற்றவோ வேண்டியிருக்கும். ஃபில்டரை மாற்றும் ஒவ்வொரு முறையும் பழையதை அப்படியே குப்பையில் போட்டுவிடாமல், வெள்ளைத் தட்டில் ஒரு முறை கவிழ்த்துப் பார்த்துவிடுங்கள்.